எலும்பு உடையலையே!

கோலாலம்பூர் ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்துக் குழுக்களின் தலைவர்கள், பயிற்றுநர்கள், மேனேஜர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். செந்தூல் பக்கம் ஒரு கிளினிக்கில் பிசியோவாக இருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் பையன்கள் நொண்டிக்கொண்டு வந்து உட்காரும் நாற்காலிகளுக்கு எதிரே இருப்பவள் நான்தான். ஞாயிறு சாயங்காலம் எந்தப் பக்கம் மழை பெய்தது, எந்தத் திடலில் புல்லே இல்லை என்பதெல்லாம் அங்கே போகாமலே எனக்குத் தெரிந்துவிடும். வந்திருக்கும் கணுக்கால்களை எண்ணினால் போதும்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். வயது 22. மோட்டாரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இடது கணுக்காலின் வெளிப்பக்கம் கோழி முட்டை அளவுக்கு வீங்கி, கீழே பாதத்தின் ஓரமெல்லாம் நாவல் பழ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. இடது காலால் கியர் மிதிக்க முடியாமல், ஜாலான் ஈப்போவிலிருந்து ஒரே கியரில் உறுமிக்கொண்டே வந்திருக்கிறான்.

“எப்ப அடிபட்டுச்சு?”

“நேத்துதான்க்கா. ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடியும் இதே கால்தான்.”

“அப்புறம் ஏன்டா ஆடுன?”

“டீம்ல ஆள் இல்லக்கா. அண்ணன் கேட்டாரு. போன தடவையே எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்னும் இல்லன்னுட்டாங்க. எலும்பு உடையலையேக்கா!”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். இந்த வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. இதைக் கேட்காத திங்கட்கிழமை எனக்கு அபூர்வம். நம் ஆட்களிடம் அடி என்றால் இரண்டே வகைதான்: எலும்பு உடைந்தது ஒன்று, ஒன்றுமில்லாதது இன்னொன்று. காலில் மாவுக்கட்டு போட்டுவிட்டால் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் தூக்கிக்கொண்டு ஃப்ளாட்டே பார்க்க வரும். குழுத் தலைவர் ஜெர்சி மடித்துக்கொண்டு வந்து தலைமாட்டில் வைப்பார். எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார் பிய்ந்தவனுக்கோ, “நடந்தா சரியாப் போயிடும், சும்மா சீன் போடாத” என்பதோடு சரி.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நாரைக் காட்டாது. ‘ஒன்றுமில்லை’ என்று டாக்டர் சொன்னால் எலும்பில் முறிவு இல்லை என்று பொருள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், சாதாரணமாக முறிந்து நகராமல் இருக்கும் எலும்புக்கு ஒரு பாக்கியம் உண்டு: அது எலும்பாகவே மறுபடி வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும், தழும்பு இல்லாமல். நாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது தழும்பு போட்டுத்தான் ஆறும். அந்தத் தழும்பு பழைய நாரைப் போல் ஆகப் பார்க்கும், முழுக்க ஆகாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு “எலும்பு உடையலையே” என்று சந்தோஷப்படுவதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கணுக்காலின் வெளிப்பக்கம் மூன்று நார்கள் இருக்கின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் கயிறு மாதிரி, லிகமென்ட் என்போம். பந்துக்குத் திரும்பும்போது பாதம் உள்பக்கமாகப் புரண்டால் முதலில் பிய்வது முன்பக்கத்து நார். பிய்ந்த சில மணி நேரத்துக்கு உள்ளே ரத்தம் கசியும். பிறகு வீங்கும். வீக்கத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம், உடனே வற்றவைக்க வேண்டும் என்ற அவசரம். ஆனால் அது வேலைக்கு வந்து இறங்கிய ஆட்கள். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து கிழிந்த துணுக்குகளையும் கசிந்த ரத்தத்தையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அடுத்த வேலைக்கு ஆளைக் கூப்பிட்டு விடுவதும் அவைதான். முதல் இரண்டு மூன்று நாள் இந்தக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். வலியும் சூடும் அப்போதுதான் அதிகம்.

கட்டும் வேலை இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தொடங்கிவிடும். கொலாஜன் என்ற புரத இழையைச் செல்கள் நெய்து நெய்து இடைவெளியை அடைக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். ஆனால் அது அவசரத்துக்கு நெய்த துணி. இழை மெல்லியது, திசையும் கிடையாது. பூக்கடைப் பலகைக்குக் கீழே சிக்கு விழுந்து கிடக்குமே நூல், அந்த மாதிரி. அதை அள்ளி வைத்தால் துளை மூடும், இழுத்தால் தாங்காது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் உடம்பு நிதானமாக உட்கார்ந்து மெல்லிய இழையை எடுத்துவிட்டுத் தடித்த இழையைப் போடத் தொடங்கும். எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அந்தத் திசையில் இழைகளை வரிசையாக அடுக்கும். இது மாதக்கணக்கில் நடக்கும். மோசமாகப் பிய்ந்த நாரில் ஒரு வருடத்தையும் தாண்டும்.

தோலில் பட்ட வெட்டுக் காயத்தை வைத்து இந்த பலத்தை அளந்திருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவிகிதத்தை நெருங்கும். அதற்கு மேல் ஏறுவதில்லை. நாருக்கு ரத்த ஓட்டம் தோலைவிடக் குறைவு. அது தோலைவிட வேகமாக ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது.

வலியோ தனிக் கணக்கில் ஓடுகிறது. அது வந்து இறங்கிய அந்தக் கூட்டத்தோடு வந்தது; கூட்டம் கலைந்தால் அதுவும் போய்விடும். பத்து நாள், இரண்டு வாரத்தில் பையன் நொண்டாமல் நடக்கிறான். எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகத் தாவுகிறான். “கால் எப்படிடா?” என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். “ஓகே அண்ணே” என்று அவன் போடுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. வலி இல்லைதான். ஆனால் உள்ளே இருப்பது சிக்கு நூல். பசை காயாத நாற்காலியைப் பார்த்தால் நாற்காலி மாதிரியேதான் இருக்கும், உட்காரும்வரை.

வலி போன நாளுக்கும் நார் தாங்கும் நாளுக்கும் நடுவே இருக்கும் அந்த நாலைந்து வாரத்தில்தான் என் கிளினிக் பிழைக்கிறது. அந்த வருமானம் எனக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை. என் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன். ரைட் பேக். நான் பிசியோவாகி இரண்டாம் வருடம், அவன் வலது கணுக்கால் புரண்டது. சரியாக மூன்றாம் வாரம் அரையிறுதி. சனிக்கிழமை இரவு அடுப்படியில் வந்து, “அக்கா, பாரு, வலியே இல்ல” என்று ஒற்றைக் காலில் நாலு தடவை குதித்துக் காட்டினான். அலமாரியில் சட்டி மூடியெல்லாம் குலுங்கியது. அம்மா “முருகா” என்றார். புத்தகம் படித்துப் பாஸ் பண்ணி வந்தவள் நான். இதே பாடத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். இருந்தும் மறுநாள் காலையில் நானே உட்கார்ந்து அவன் காலுக்கு டேப் சுற்றினேன், அழகாக, மடிப்பு விழாமல்.

முதல் பாதியில் ஒரு பந்து அவன் தலைக்கு மேல் போனது. திரும்பினான். பக்கத்தில் ஆளே இல்லை, யாரும் தொடவில்லை. தேங்காய் மட்டையிலிருந்து நார் கிழித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்டது என்று அவன் இன்றும் சொல்வான். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கேட்டதாகவே நினைவிருக்கிறது. இரண்டு நார்கள் முழுசாக அறுந்திருந்தன. அவனுக்கு இப்போது 41 வயது. கோலாலம்பூரில் எந்தெந்த நடைபாதையில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று மாநகராட்சியைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். கால் எங்கே வேண்டுமானாலும் புரளும். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் பாதத்தைச் சுழற்றினால்தான் படியிறங்க முடியும். விதி என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். டேப் சுற்றியது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அப்படியென்றால் மூன்று மாதம் படுத்தே கிடக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கூடாது. அது இன்னொரு கோடி. சில வீடுகளில் பையனைக் கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டார்கள், தண்ணீர் சொம்பு முதற்கொண்டு கைக்கு வரும். இழைகள் இழுவை வரும் திசையில் அடுக்கிக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா? இழுவையே வராவிட்டால் எந்தத் திசையில் அடுக்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்? சிக்கு சிக்காகவே இறுகிவிடும். கால் விறைத்துப்போகும், கெண்டைக்கால் சதை வற்றும். முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு, கால் உயர்த்தி வைப்பது, இறுக்கமாக ஒரு துணிக்கட்டு. பிறகு வலி தாங்கும் அளவுக்கு மெல்ல அசைவு, நடை. நான் பாதத்தால் காற்றில் எழுதச் சொல்வேன், உயிரெழுத்து பன்னிரண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பையன்கள் ‘ஆ’ வரை சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். ‘இ’ சுழியில் சிரிப்பு நின்றுவிடும். ‘ஔ’ எழுதி முடித்தவனுக்கு அடுத்த வாரப் பயிற்சி.

நாருக்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு முனைகள் அதில்தான் இருக்கின்றன. நார் பிய்ந்தால் சேதியும் அறுபடும். வீக்கம் வற்றி, வலி போய், பலமும் பாதி வந்த பிறகும் அந்தக் கால் குருட்டுக் காலாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் பையனைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். நல்ல காலில் நிற்பான். அடிபட்ட காலில் சில விநாடியில் கையை விரித்துத் தள்ளாடுவான். ஒருமுறை புரண்ட கால் மறுபடி புரள்வதற்கு இது பெரிய காரணம். நல்லவேளையாக இதற்கு வைத்தியம் சல்லிசு. தினமும் பல் தேய்க்கும்போது அந்தக் காலில் நின்றால் போதும், தொடங்குவதற்கு.

சுளுக்கு வழிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திடலில் யாரும் இதை மதிக்க மாட்டார்கள். மூன்று இனத்துக்கும் சுளுக்கு எடுக்க ஆள் இருக்கும் ஊர் இது. மலாய்க்காரரிடம் ‘உருட்’ என்ற நீவல், சீனர் கடையில் மூலிகைக் கட்டு, நம் வீட்டில் நல்லெண்ணெயோ கோடாலித் தைலமோ. என் பெரியம்மா கால் முன்னே வரப் பிறந்தவர். முதுகுப் பிடிப்பு என்றால் அவர் காலால் நீவிவிட வேண்டும் என்று தெருவே வரும். அவரும் சலிக்காமல் நீவிவிடுவார், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளில் தானே விடும் என்று நான் படித்து வந்து சொன்னபோது, “இருக்கட்டும், அதுக்கும் நான் நீவணும்ல” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிடித்துக்கொண்ட தசையை இதமாக நீவுவதில் எனக்கு விரோதமே கிடையாது.

ஆனால் புதிதாகப் பிய்ந்த இடத்தை முதல் சில நாளில் அழுத்தித் தேய்த்தால் நிற்கப் போகும் ரத்தம் மறுபடி கசியும். சூட்டு ஒத்தடமும் அப்படித்தான். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தால் ஒரு பீர், தோற்றால் இரண்டு என்று போகும் பழக்கமும் வீக்கத்துக்கு நல்லதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்து, எதிராளியின் முட்டி தொடையில் இடித்து ரத்தம் கட்டும் அடி. அதைப் போட்டுப் பிசைந்தால் சில பேருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். கதை இல்லை. எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்குப் பக்கத்தில் மேகம் மாதிரி வெள்ளையாகத் தெரியும். மூன்று பேருக்குப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரையும் நன்றாக வழித்துவிட்டிருந்தார்கள்.

ஐஸ் வைக்கலாமா என்றால், வலிக்குத் துணி சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். 1978இல் ஓய்வு, ஐஸ், கட்டு, கால் உயர்த்தல் என்ற நாலு சொல் சூத்திரத்தைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், பல வருடம் கழித்து, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தானே திருத்திக்கொண்டார். ஆகவே குளிர்பானப் பெட்டியையே காலில் கவிழ்க்க வேண்டாம். ஸ்ப்ரேயும் ஆட்டத்துக்கு முன் போடும் வலி மாத்திரையும் வலியை மட்டும்தான் மறைக்கும். அதைக் கொடுத்துவிட்டு ஆளை இறக்குவது, எரியும் எச்சரிக்கை விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு லோரி ஓட்டுவது மாதிரி.

தசைக் கிழிசலுக்கு இத்தனை நாள் ஆகாது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், தானே புதுத் தசை இழையும் வளர்த்துக்கொள்ளும். ஆனால் தொடையின் பின்தசை ஏமாற்றுக்காரன். மெதுவாக ஓடினால் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் எட்டு வைக்கும்போதுதான் பிடித்துக் கிழிக்கும், அதுவும் திரும்பி வந்த முதல் இரண்டு வாரத்திலேயே.

வெட்டரன் குழுவின் மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. குதிகாலுக்கு மேல் இருக்கும் தடித்த நாணைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் ஒன்று கண்டுபிடித்தார்கள். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய ஒருவகைக் கார்பன் அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளின் உடம்பிலும் ஏறியிருந்தது. பெரியவர்களானபின் அவர்கள் நாணை எடுத்து அளந்து பார்த்தால், நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவானதோடு சரி, அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. 45 வயதில் நீங்கள் ஓடுவது பள்ளிக்கூடக் காலத்து நாணில். அதை வைத்துக்கொண்டு, வாரம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறு காலையில் முதல் நிமிடத்திலேயே பந்தைத் துரத்துகிறீர்கள். அந்த இடம் வலிக்கத் தொடங்கினால் நிறுத்திப் படுக்கவும் வேண்டாம். 1998இல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் கொடுத்த பயிற்சி இன்னும் செல்லுபடியாகிறது: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது, நாளைக்கு 180 தடவை, 12 வாரம். செலவே கிடையாது. ஃப்ளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போன நாளில் பழகிக்கொள்ளலாம்.

சரி, உங்களிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். திடலில் கால் புரண்டால், ஊன்றி நாலு அடி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டின் பின்விளிம்பையும் நுனியையும், பாதத்தின் வெளியோரம் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேட்டையும் அழுத்திப் பாருங்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, இந்த எலும்புகளில் தொட்டால் உயிர் போனாலோ, அன்றைக்கே எக்ஸ்ரே. கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதி இது, உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றால், “எப்ப வர்ற?” என்று அந்த வாரமே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பையனும் “முடியாது அண்ணே” என்று சொல்ல மாட்டான். நீங்கள் கூப்பிட்டு அவன் மறுப்பதற்கு அவனுக்கு 22 வயதில் தைரியம் இல்லை, எனக்கு என் தம்பியிடமே இருக்கவில்லை. வலி இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, காலைப் பார்த்துக் கேளுங்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 தடவை தூக்கட்டும். ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதிக்கட்டும். எட்டுப் போட்டு ஓடட்டும், இரண்டு திசையிலும், வேகமாக. அடிபட்ட காலும் நல்ல காலும் ஒரே மாதிரி செய்தால் பந்தைக் கொடுங்கள். லேசான சுளுக்கு இரண்டு வாரத்தில்கூட இந்தச் சோதனையைத் தாண்டிவிடும், நான் தடுக்க மாட்டேன். பாதி பிய்ந்ததற்கு ஆறு வாரம் வரை ஆகும். முழுசாக அறுந்தால் மூன்று மாதத்துக்குக் குறையாது.

ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்குவதையும் கொஞ்சம் கவனியுங்கள். இப்போது நம் குழுக்களில் அது என்ன என்று எனக்குத் தெரியும்: அரைச் சுற்று ஓட்டம், கோல்கீப்பரை நோக்கி ஆளுக்கு நாலு உதை, ஓரமாக ஒரு சிகரெட். ‘ஃபிஃபா 11+’ என்று 20 நிமிடப் பயிற்சி இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக் கால் நிற்றல், தொடைக்கு வலு, குதித்து இறங்குதல். வாரத்தில் இரண்டு நாள் செய்யும் குழுக்களில் காயம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இணையத்தில் படத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் வாரத்தில் இருக்கிறான். ‘உ’ வரை வந்திருக்கிறான். வரும் ஞாயிறு திடலுக்கு வருவான், வராதே என்று நான் சொல்லவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்பான். சிரிக்க வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள். எட்டாவது வாரம், சோதனையெல்லாம் தாண்டியிருந்தால், கணுக்கால் பட்டை போட்டு இரண்டாம் பாதியில் 20 நிமிடம் இறக்கலாம். அன்றைக்குக் கோட்டோரம் கொடி பிடிக்க என் தம்பியை அனுப்புகிறேன். 20 நிமிடம் ஆனதும் உங்களைப் பார்ப்பான்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து உங்கள் பிசியோ அக்கா